பாஸ்புக்கில் இரண்டாவது பெயர்

வெண்டெல் தினமும் காலை ஒன்பது மணிக்கு என் மருந்துக்கடைக்கு வந்து பிரஷர் பார்த்துக்கொள்வார். பிரஷர் பார்க்கும் கருவி அவர் வீட்டிலேயே இருக்கிறது. எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? விற்றவளே நான்தான். "அதான் வீட்டுல ஒண்ணு இருக்கே" என்று முதல் வாரமே கேட்க வாயெடுத்தேன். சட்டைக் கையை மடித்துவிட்டு, கையை மேஜைமேல் நீட்டிக்கொண்டு, அவர் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்ததும் கேட்கவில்லை. அன்றைக்கு முழுக்க இன்னொரு மனுஷக் கை அவர்மேல் படுவது அந்த ஐந்து நிமிடம்தான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. நான் கேட்க வந்ததை விழுங்குவது எங்கள் ஊரான பெத்தலீதியில் அதிசயம். ஊரில் என் கடைக்கு மருந்துக்கடை என்று பெயர், என் வாய்க்கு ஒலிபெருக்கி என்று பெயர்.

வெண்டெல் அமெரிக்கர். வடக்கே துலூத் என்று ஒரு ஊராம், ஏரி உறைந்து கல்லாகிவிடுமாம். அங்கே முப்பத்து நான்கு வருஷம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டினார். ஓய்வு பெற்றதும் மனைவி மார்லீன், "இனிமே பனியை நான் படத்துல மட்டும் பாத்தாப் போதும்" என்று சொல்லி அவரை ஏதென்ஸுக்குத் தென்மேற்கே இந்த ஊருக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். கடற்கரைக்கு மேலே, ஒரே சுவரை இரண்டாகப் பங்கு போட்டுக்கொண்ட இரண்டு வீடுகளில் ஒன்றை வாங்கினார்கள். மற்றதில் பொலிக்ஸேனி அத்தை இருந்தாள்.

அத்தை என்றால் எனக்குச் சொந்த அத்தை இல்லை, ஊருக்கே அத்தை. புருஷன் போய் இருபது வருஷம். பிள்ளை கிடையாது. கறுப்பு உடுப்பு, கையில் ஒரு மரக்கரண்டி, நாக்கில் எப்போதும் மிளகாய். புருஷன் வழியில் ஒரு மருமகன் மெல்போர்னில் இருந்தான். ஈஸ்டருக்கு ஒரு போன், அதோடு சரி. வெண்டெல் என்ற பெயர் அவள் வாயில் நுழையவில்லை. இரண்டு நாள் முயற்சி செய்துவிட்டு, "இதெல்லாம் ஒரு பேரா, இருமற மாதிரி" என்று சொல்லி வாங்கேலி என்று மாற்றிவிட்டாள். ஊரும் அப்படியே கூப்பிட்டது.

வந்த மூன்றாவது குளிர்காலத்தில் மார்லீன் போய்விட்டாள். காலையில் காப்பி கொதித்துக்கொண்டிருந்தபோது நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டாள். எங்கே புதைப்பது என்று கேள்வி வந்தது. எங்கள் மயானம் கைக்குட்டை அளவு. ஒவ்வொரு குழிக்கும் ஒரு குடும்பப் பெயர் உண்டு. கோயில் வாசலில் நின்று எல்லோரும் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தோம். அத்தை மரக்கரண்டியோடு வந்தாள். அடுப்பிலிருந்து நேராக எழுந்து வந்திருப்பாள்.

"என் வீட்டுக்காரர் பக்கத்துல எனக்குன்னு இடம் இருக்கு. அந்தப் பொண்ணை அதுல போடுங்க. நான் வந்தா மேல படுத்துக்கறேன்."

பாதிரியார் அந்திமோஸ் தயங்கினார். "அத்தை, அவங்க நம்ம சபை இல்லையே..."

"எலும்புக்கு என்னய்யா சபை? குளிருது, சீக்கிரம் ஆகட்டும்."

வெண்டெலுக்கு அப்போது எங்கள் மொழி பத்து வார்த்தைகூடத் தெரியாது. என்ன நடந்தது என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன். மருந்துப் படிப்பு என் தலையில் ஏற்றிய ஆங்கிலம் அது, ஒப்பேற்றும். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அத்தைக்கு முன்னால் நின்றார். "தொப்பியப் போடு, சளி பிடிக்கும்" என்று அவள் அதட்டினாள்.

அதற்குப் பிறகுதான் அந்தச் சுவர்ச் சங்கதி ஆரம்பித்தது. காலை ஏழு மணிக்கு அத்தை மரக்கரண்டியால் சுவரில் இரண்டு தட்டு தட்டுவாள். 'நான் உயிரோட இருக்கேன், நீ?' என்று அர்த்தம். அவர் விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டிப் பதில் சொல்வார். பகலில் அவர் அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு பக்கத்து நகரமான கலமாட்டாவுக்குக் கண் மருத்துவரிடம் போவார், அவள் அவருக்குக் கீரைப் பணியாரம் சுட்டு ஜன்னல் வழியாக நீட்டுவாள். இருவருக்கும் பொதுவாக ஒரு ஐம்பது வார்த்தை இருந்திருக்கும். அதை வைத்தே எட்டு வருஷம் சண்டையும் போட்டார்கள், சமாதானமும் ஆனார்கள்.

எங்கள் பக்கத்தில் பிள்ளையில்லாத கிழவிகள் ஒரு காரியம் செய்வார்கள். பாஸ்புக்கில் தங்கள் பெயருக்குக் கீழே நம்பிக்கையான ஒருவர் பெயரை இரண்டாவதாகச் சேர்த்துவிடுவார்கள். முதல் ஆள் கண்ணை மூடினால், இரண்டாவது ஆள் போய்ப் பணத்தை எடுத்துப் பெட்டி, பாதிரியார், நாற்பதாம் நாள் நினைவுக்கு அவிக்கும் கோதுமை எல்லாவற்றையும் யாரையும் கேட்காமல் முடிக்கலாம். பெயர் இல்லையென்றால் வாரிசு, வக்கீல், காகிதம் என்று பணம் வங்கியிலேயே கிடக்கும், ஆள் குழிக்கடியில் கடனோடு கிடப்பாள். யார் பெயரை எழுதுகிறாளோ அவர்தான் தன்னைத் தூக்கப்போகிறவர் என்று அர்த்தம். இதை வாய்விட்டு யாரும் சொல்லமாட்டார்கள்.

அத்தை ஒரு நாள் வெண்டெலைக் கலமாட்டா வங்கிக்கு அழைத்துப் போய், "இங்க போடு கையெழுத்து" என்றாள். சாட்சிக் கையெழுத்து என்று நினைத்துப் போட்டாராம். அமெரிக்கர் என்று தெரிந்ததும் வங்கிக்காரி தனியாக ஒரு காகிதம் கொடுத்து அவருடைய அமெரிக்க வரி எண்ணையும் எழுதச் சொன்னாள். எழுதினார். அமெரிக்கர்கள் படிவத்தைப் பார்த்தால் நாம் கோயிலைப் பார்த்துச் சிலுவை போடுகிற மாதிரி, கை தானாக எழுதிவிடும்.

இனி அவருடைய நெஞ்சு விஷயம். எழுபத்தைந்து வயது ஆன அன்றைக்கே இங்கே அவர் பணம் கட்டிக்கொண்டிருந்த மருத்துவக் காப்பீட்டுக் கம்பெனி, வணக்கம், இனி உங்களைச் சேர்க்க முடியாது என்று கடிதம் போட்டுவிட்டது. அடுத்த மாதமே கலமாட்டா இதய மருத்துவர் அவர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, ஒரு வால்வு சுண்ணாம்பாகிவிட்டது, ஒன்றிரண்டு வருஷத்துக்குள் மாற்றவேண்டும் என்றார். துரதிர்ஷ்டம் தனியாக வராது என்பார்கள், சொன்னவர் வாயில் சர்க்கரையைப் போடக் கூடாது.

"உங்க நாட்டுல வயசானவங்களுக்கு அரசாங்கமே வைத்தியம் பாக்குமாமே?" என்று கேட்டேன்.

"பாக்கும். நாப்பது வருஷம் சம்பளத்துல பிடிச்சிருக்காங்க. ஆனா அமெரிக்கா எல்லைக்குள்ள மட்டும்தான் செல்லும்."

"சரி, அங்க போய்ச் செஞ்சுக்கிட்டு வாங்க."

"டாக்டர் செலவைப் பாத்துக்கற பகுதிக்கு மாசாமாசம் தனியா கட்டணும். இங்க செல்லாததுக்கு எதுக்குக் கட்டணும்னு நான் அதை விட்டுட்டேன். இப்ப திரும்பச் சேரணும்னா ஜனவரியிலேர்ந்து மார்ச்சுக்குள்ள சேரணும். விட்ட ஒவ்வொரு வருஷத்துக்கும் நூத்துக்குப் பத்து கூடுதல். சாகறவரைக்கும்."

"வரி?"

"வரிக் கணக்கு மட்டும் எங்க இருந்தாலும் வருஷா வருஷம் அனுப்பணும், அசிமினா. கட்ட வேண்டியது ஒண்ணும் இல்லைன்னாலும் அனுப்பணும்."

"அடப்பாவிகளா! வரி மட்டும் கடல் தாண்டும், வைத்தியம் தாண்டாதா?" என்றேன். அவர் சிரித்தார். அவர் சிரிப்பைப் பார்த்து மாதக்கணக்கில் ஆகியிருந்தது. அதனால் அந்த வசனத்தை நான் அப்புறம் பல தடவை சொன்னேன்.

ஏதென்ஸில் ஒரு தனியார் மருத்துவமனையில் அறுவைக்குக் கேட்ட தொகைக்காக அவர் பென்ஷனில் மிச்சம் பிடித்துக்கொண்டிருந்தார். இறைச்சியை விட்டார். காரை வாரத்தில் ஒரு நாள் மட்டும் எடுத்தார், அதுவும் அத்தைக்காக. குளிர்காலத்தில் கோட்டைப் போட்டுக்கொண்டே தூங்கினார். இன்னும் ஒரு வருஷம் பிடித்தால் போதும் என்று கணக்கு வைத்திருந்தார். அந்தக் கணக்குத்தான் அவர் உயிர்.

போன ஏப்ரலில் கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. கலமாட்டா வங்கி, பழைய காகிதத்தைப் புதுப்பிக்கவேண்டும், உங்கள் அமெரிக்க எண்ணை மறுபடி எழுதிக் கொடுங்கள் என்று அவருக்குக் கடிதம் போட்டது. ஏதென்ஸில் அமெரிக்கர்களுக்கு வரிக் கணக்கு எழுதிக் கொடுக்கும் ஹாஸ்கெல் என்ற அம்மாளிடம், இது என்ன என்று இவர் சும்மா கேட்டிருக்கிறார். அந்த அம்மாள் பதறிப்போனாள். வெளிநாட்டு வங்கியில் பத்தாயிரம் டாலருக்கு மேல் உள்ள கணக்கில் அமெரிக்கர் பெயர் இருந்தால், பணம் அவருடையதோ இல்லையோ, வருஷா வருஷம் அரசாங்கத்துக்குத் தெரிவிக்கவேண்டுமாம். அத்தையின் கணக்கில் அதைப்போல மூன்று மடங்கு இருந்தது. இவர் ஐந்து வருஷம் தெரிவிக்கவில்லை. அபராதம் பத்தாயிரம் டாலர் வரைக்கும் போடலாம் என்று அந்த அம்மாள் சொன்னாள். போடலாம் என்றுதான் சொன்னாள். இவர் காதில் பத்தாயிரம் மட்டும் விழுந்தது. அதை ஐந்தால் பெருக்கினார். நெஞ்சுக்கு வைத்திருந்த பணம், வீடு, எல்லாம் போனதாகவே முடிவு கட்டினார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

மறுநாள் யாரிடமும் சொல்லாமல் தனியாகக் கலமாட்டாவுக்குப் போனார். பாஸ்புக்கிலிருந்து தன் பெயரை எடுக்கச் சொன்னார். எடுத்தார்கள். போன வருஷங்களுக்கு அது எந்த வகையிலும் உதவாது என்று அவருக்குத் தெரியாது. வங்கி தன் வழக்கப்படி ஆடி அசைந்து மே கடைசியில் அத்தைக்கு ஒரு கடிதம் போட்டது.

இங்கேதான் நான் வருகிறேன். அத்தைக்குக் கண் மங்கல். கடிதம் வந்தால் என்னிடம்தான் படிக்க வருவாள். கடையில் இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். நான் உரக்கப் படித்தேன். இணைக் கணக்குதாரர் தம் விருப்பப்படி விலகிக்கொண்டார் என்று இருந்தது. படித்துவிட்டு நான் சும்மா இருந்திருக்கலாம்.

"பாத்தியா அத்தை, கை கழுவிட்டான் மனுஷன்! பொண்டாட்டிக்கு உன் குழியக் குடுத்தியே, உன்னைத் தூக்கக் கசக்குது அவனுக்கு!"

அத்தை கடிதத்தை வாங்கி நான்காக மடித்து மார்புக்குள் செருகிக்கொண்டாள். மாத்திரை வாங்கத்தான் வந்திருந்தாள், மாத்திரையை வாங்காமலே போய்விட்டாள். என் நாக்கை அன்றைக்கு அறுத்துக் கடலில் போட்டிருக்கவேண்டும். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை, சாயங்காலத்துக்குள் காப்பிக்கடைவரை போய்விட்டது.

மறுநாள் காலை ஏழு மணிக்குச் சுவர் பேசவில்லை. வெண்டெல் பயந்துபோய் ஓடி அவள் கதவைத் தட்டினார். கதவு திறந்தது. அவள் அவரை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தாள். "சாகலை. போ" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

பத்து நாள் கழித்து அவர் கையைப் பிரஷர் பட்டைக்குள் நீட்டியபோது நான் சண்டைக்கு நின்றேன். "ஏன்யா, உங்களுக்கு மனசாட்சியே கிடையாதா? கல்லும் கரையுமே!" என்றெல்லாம் கேட்டேன். அவர் முழுக்கதையையும் சொன்னார். கோட்டுப் பையிலிருந்து ஹாஸ்கெல் அம்மாளின் காகிதங்களை எடுத்துக் காட்டினார். பாஸ்புக்கில் அந்த இரண்டாவது பெயருக்கு என்ன அர்த்தம் என்று அவருக்கு யாருமே சொல்லியிருக்கவில்லை. நான் சொன்னேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன்.

"அவங்களை நான்தான் அடக்கம் பண்ணணும்னு... என்னையா எழுதினாங்க?"

"வேற யாரை எழுதுவா? ஊர்ல இருக்கற எல்லாரோடயும் சண்டை அவளுக்கு."

அன்றைக்கே கடையைப் பாதியில் சாத்திவிட்டு அத்தையிடம் போனேன். பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தாள். அமெரிக்கச் சட்டத்தை எனக்குத் தெரிந்தவரை விளக்கினேன். அவள் ஒரு விதையைக்கூடக் கீழே போடாமல் உரித்தாள்.

"அமெரிக்காவுக்கு என் பெட்டிக்காசுல என்னடி வேலை? அங்க காசே இல்லையா?"

"சட்டம் அப்படி அத்தை. அந்தாளு பயந்துட்டார்."

"பயந்தா என்கிட்ட வரணும். பக்கத்துச் சுவர்தானே? ராத்திரியே வந்து, பொலிக்ஸேனி, இப்படி ஒரு வம்பு, பேரை எடுத்துக்கறேன்னு சொன்னா, நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?"

"தப்புதான்."

"தெரியுமா உனக்கு? என்னைப் புதைச்சது போக மிச்சம் இருக்கறதை எடுத்து அந்தப் பயல் நெஞ்சைத் தச்சுக்கட்டும்னு இருந்தேன். ரொட்டிக்கே ஒத்தை ஒத்தையா எண்ணிக் காசு குடுக்கறான், எனக்குத் தெரியாதா? சுவர் வழியா எல்லாம் கேக்கும்." ஒரு கை பீன்ஸை அள்ளி மறுபடி போட்டாள். "அவன் வந்து என் மூஞ்சியப் பாத்துச் சொல்லட்டும். உன்னைத் தூதுக்கு அனுப்பினா ஆச்சா? போடி."

கதவுவரை போன என்னைத் திரும்பக் கூப்பிட்டாள். "பீன்ஸ் நிறைய இருக்கு. அவன் ஞாயித்துக்கிழமை வந்தாலும் சரிதான்" என்றாள். அதற்குமேல் அத்தையிடம் யாரும் எதிர்பார்க்க முடியாது.

மிச்சப் பணத்தைப் பற்றி அவள் சொன்னதை மட்டும் நான் வெண்டெலிடம் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமையைச் சொன்னேன். அவர் எழுந்து நின்றுவிட்டார். அப்புறம் உட்கார்ந்தார்.

"வெறுங்கையோட போனா நம்பமாட்டாங்க, அசிமினா. ஹாஸ்கெல் அஞ்சு வருஷக் கணக்கையும், ஏன் தப்பு நடந்துச்சுன்னு ஒரு விளக்கத்தையும் சேத்து அனுப்பிட்டாங்க. பதில் லெட்டர் வரட்டும். அதைக் கையில எடுத்துக்கிட்டுப் போறேன். முத்திரையோட இருக்கும். நீங்க படிச்சுக் காட்டுங்க. அபராதம் இல்லைன்னு வந்தா பேரையும் திரும்பப் போட்டுடுவேன்."

"காகிதத்தை வச்சு அத்தை என்ன பண்ணப்போறா, அடுப்புப் பத்த வைப்பா. போய் மூஞ்சியக் காட்டுங்க, போதும்."

"லெட்டர் வரட்டும்."

அவர் வளர்ந்த விதம் அப்படி. காகிதத்தில் இல்லாதது நடக்கவில்லை. இவள் வளர்ந்த விதம், முகத்தில் இல்லாதது பொய். நடுவில் இருந்தது ஒரு சாண் சுவர்.

ஜூன் போனது. ஜூலையில் தபால்காரர் வரும் நேரத்துக்கு அவர் வாசலில் நிற்பார், தபால்காரர் தூரத்திலிருந்தே தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். காலை ஏழு மணிக்கு அவர் மட்டும் தட்டிக்கொண்டிருந்தார். இரண்டு தட்டு. அந்தப் பக்கத்தில் பதில் இருக்காது. ஆனால் செருப்பு இழுபடும் சத்தம் கேட்குமாம், பாத்திரம் நகரும் சத்தம் கேட்குமாம், அதுவே போதும் என்றார். அவள் வாசல் வழியாகப் போக வெட்கப்பட்டுப் பின்சந்து வழியாக வரப்போக ஆரம்பித்தார். அத்தை பட்டினிகூட இருப்பாள், தானாக முதலில் இறங்கி வரமாட்டாள். நேரில் போகச் சொல்லி நான் வெண்டெலிடம் ஆகஸ்டில் ஒரு தடவை சொன்னேன், செப்டம்பரில் ஒரு தடவை சொன்னேன். அதற்குப் பிறகு எனக்கும் அலுத்துவிட்டது, அவரவர் தலையெழுத்து என்று விட்டுவிட்டேன்.

நவம்பரில் ஆலிவ் அறுவடை. ஊரே தோப்பில் இருக்கும், தெருவில் ஒரு ஈ காக்கை இருக்காது. நாள் முழுக்க இயந்திரங்கள் மரத்தை உலுக்கும் சத்தம் மட்டும் மலைச்சரிவிலிருந்து வரும். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அத்தையின் மாத்திரையைக் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று கிளம்பினேன். ரொட்டி வண்டிக்காரன் காலையில் கதவுப் பிடியில் ரொட்டிப் பையை மாட்டிவிட்டுப் போவான். அத்தையின் கதவில் மூன்று பை தொங்கியது.

நான் கத்தின கத்தலில் வெண்டெல் பின்பக்கத்திலிருந்து ஓடிவந்தார். தோளால் மோதிக் கதவைத் திறந்தார், அந்த நெஞ்சை வைத்துக்கொண்டு. அத்தை அடுக்களையில், சுவர் ஓரமாக விழுந்து கிடந்தாள். தொட்டுப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை.

டாக்டர் வந்து, புதன்கிழமை காலையிலேயே உயிர் போயிருக்கும், மூளையில் இரத்தக் குழாய் வெடித்திருக்கிறது, சட்டென்று முடிந்திருக்கும் என்றார். வெண்டெல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"புதன், வியாழன், இன்னிக்கு. மூணு நாளும் தட்டினேன். செருப்புச் சத்தம்கூட இல்லை. கோபம் அதிகமாயிடுச்சுன்னு நெனச்சேன்." அவர் ஆங்கிலத்தில் பேசினார், டாக்டருக்குப் புரியவில்லை, எனக்குத்தான் புரிந்தது. "முன்னேயா இருந்தா ஏழு மணி ஒரு நிமிஷத்துக்கு நான் அந்தக் கதவை உடைச்சிருப்பேன்."

என் நாக்கு வேலை செய்யவேண்டிய நேரத்தில் செய்யவில்லை. அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

மெல்போர்ன் மருமகனுக்குப் போன் போட்டோம். அழுதான். வர முடியாது என்றான். வங்கியில் கேட்டோம். வாரிசுக் காகிதம் வரும்வரை ஒரு சென்ட் வெளியே வராது என்றார்கள், அதற்கு மாதக்கணக்கில் ஆகுமாம். சவப்பெட்டிக்காரர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு என்னையும் பாதிரியாரையும் மாறி மாறிப் பார்த்தார். வெண்டெல் உள்ளே போனார். திரும்பி வந்து, பெட்டி, பாதிரியார், பூ, காப்பி, பிராந்தி எல்லாவற்றுக்கும் சேர்த்து எவ்வளவு என்று கேட்டார்.

"வெண்டெல், அது உங்க ஆபரேஷன் பணம்" என்றேன்.

"ஆமா" என்றார். அதோடு முடிந்தது பேச்சு.

எங்கள் ஊரில் சாவு அறிவிப்பை அச்சடித்து விளக்குக் கம்பங்களில் ஒட்டுவார்கள். கீழே உறவுக்காரர்களின் பெயர் வரிசையாக இருக்கும். அத்தைக்கு வரிசை போட ஆள் இல்லை.

"மருமகன் பேரு போட்டாச்சு. ஐயாவை என்னன்னு போடறது?" என்று சவப்பெட்டிக்காரர் கேட்டார்.

"பக்கத்து வீட்டுக்காரன்னு போடுங்க" என்றார் வெண்டெல், எங்கள் மொழியில், தட்டுத் தடுமாறி.

"அப்படிப் போடற வழக்கம் இல்லைங்களே. சொந்தம் என்ன?"

"தம்பின்னு போடுய்யா" என்று நான் அதட்டினேன். "தம்பி, வாங்கேலி. போய் அச்சடி."

என் கடைக்கு எதிரே இருந்த கம்பத்தில் ஒட்டியதை வெண்டெல் வெகுநேரம் நின்று எழுத்தெழுத்தாகப் படித்தார். மழை வந்து அது கரையும்வரை தினமும் படித்தார். அத்தையை மார்லீனுக்கு மேலே இறக்கினார்கள், அவள் அன்றைக்குச் சொன்ன மாதிரியே. நாற்பதாம் நாள் கோதுமையைத் தானே அவிப்பேன் என்று பிடிவாதம் பிடித்தார். மாதுளையும் பாதாமும் எல்லாம் சரியாகப் போட்டார், கோதுமைதான் வேகவில்லை. கடுக்கு முடுக்கென்று கடித்துத் தின்றோம். அத்தை இருந்திருந்தால் அந்தச் சட்டியை அவர் தலையில் கவிழ்த்திருப்பாள் என்று பாதிரியார் சொல்ல, எல்லோரும் சிரித்தோம். வெண்டெலும் சிரித்தார். சிரித்தபடியே எழுந்து வெளியே போய்விட்டார், திரும்பி வரவில்லை.

ஜனவரி பிறந்தது. அமெரிக்கக் காப்பீட்டில் திரும்பச் சேரும் காலம் தொடங்கிவிட்டது என்று நான் ஞாபகப்படுத்தினேன். துலூத்தில் அவருக்கு ஒரு தம்பி இருக்கிறான், வீட்டின் நிலவறையில் இடம் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். ஒரு காலை, பட்டைக்குள் கையை நீட்டுவதற்கு முன்னால், அவர் என் கடையிலிருந்தே ஹாஸ்கெல் அம்மாளுக்குப் போன் போட்டார். போகிற முடிவானாலும் போகாத முடிவானாலும் அந்தக் கடிதம் என்ன ஆயிற்று என்று தெரிந்தாகவேண்டும் என்றார். போனில் சரியாகக் கேட்காததால் ஒலிபெருக்கியில் போட்டார். அதனால் நானும் கேட்டேன்.

"லெட்டரா?" என்றாள் அந்த அம்மாள். "எந்த லெட்டர்?"

"நீங்க ஜூன்ல அனுப்பினீங்களே. அதுக்குப் பதில்."

"ஐயோ வெண்டெல், இதுக்கெல்லாம் அவங்க லெட்டர் போடமாட்டாங்க. ஏதாவது வந்தா சொல்றேன்னுதானே சொன்னேன்? ஒண்ணும் வரலைன்னா எல்லாம் சரின்னு அர்த்தம். வட்டியே சில்லறைக் காசு, அதுக்கு யார் அபராதம் போடப்போறாங்க? பேரை நீங்க எடுத்திருக்கவே வேண்டாம். வருஷத்துக்கு ஒரு வரி எழுதி அனுப்பினாப் போதும், நானே அனுப்பியிருப்பேன். ஹலோ? கேக்குதா?"

"கேக்குது" என்றார் வெண்டெல். நன்றி சொல்லிப் போனை வைத்தார். மடித்த சட்டைக் கையை இன்னும் ஒரு மடி மேலே மடித்தார். அவசரமே இல்லை அவருக்கு.

"ஜூன்லயே முடிஞ்சுபோச்சாம்" என்றார். "வராத லெட்டருக்காக ஆறு மாசம் வாசல்ல நின்னிருக்கேன்."

நான் பட்டையை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தேன்.

"அபராதம் போட்டிருக்கலாம், அசிமினா. பத்தாயிரம், அம்பதாயிரம், வீட்டை எடுத்துக்கிட்டாக்கூடப் பரவாயில்லை. ஏதோ ஒண்ணுக்காகத்தான் செஞ்சேன்னு இருந்திருக்கும்."

காற்றை ஏற்றினேன், இறக்கினேன். எண் எனக்குத் தெரிந்தது, நன்றாக இல்லை. ஊருக்குப் போய்க் காப்பீட்டில் சேருங்கள், வால்வை மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். மார்லீனும் பொலிக்ஸேனியும் இங்கே இருக்கிறார்கள், கல்லறைமேல் எரியும் ரெண்டு விளக்குக்கும் எண்ணெய் ஊற்ற ஆள் வேண்டாமா என்று கேட்டார். அதற்கு என்னிடம் மருந்து இல்லை. சரியாக வரவில்லை, இன்னொரு தடவை பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு, பட்டையை அவிழ்க்காமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.